பட்டாளத்துத் தாத்தாவின் போர்க்கதையைப் பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. 1914-18 மாபெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. அந்த 277 பேர் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள், திரும்பி வந்தவர்கள் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று சொல்ல இன்றைக்கு ஆள் கிடையாது. அன்றைக்கு யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை, போய்விட்டது.

ஆனால் நம் காலத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 1971 டிசம்பரில் 20 வயதில் எல்லையில் நின்றவருக்கு இன்று 75-ஐ ஒட்டி வயது. 1965-க்குப் போனவர் 80-ஐத் தொட்டிருப்பார் அல்லது தாண்டியிருப்பார், 1962-ல் சீன எல்லையில் இருந்தவர் அதற்கும் மேலே. இலங்கைக்கு அமைதிப்படையில் போனவர்களுக்கே பேரன் பேத்தி வந்தாயிற்று. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்களில் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு மிலிட்டரிக்காரர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் எப்படிக் கேட்பது, எதில் பதிவது, பதிந்ததை எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை, கையில் இருக்கும் போன் போதும்.

யாரிடம் கேட்பது

பதக்கம் வாங்கியவரைத்தான் எல்லாரும் தேடிப் போகிறார்கள். வீரச்சக்கரமோ சேனா மெடலோ வாங்கியவரின் வீரச்செயல் அரசுக் குறிப்பிலேயே இருக்கிறது, அது அழியாது. லங்கரில் (பட்டாளத்துச் சமையலறையில்) ஆயிரம் ரொட்டி சுட்டவர், ராத்திரியில் ஹெட்லைட் போடாமல் குண்டு ஏற்றிய லாரி ஓட்டியவர், சிக்னல் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு மலை ஏறியவர், ஆஸ்பத்திரியில் ரத்தம் துடைத்தவர், இவர்கள் கதைக்குக் குறிப்பே கிடையாது. என் கணக்கில் முதலில் போக வேண்டியது இவர்களிடம்தான். வயதிலும் உடல்நிலையிலும் யார் அதிகம் தளர்ந்திருக்கிறாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள்.

அவருடைய மனைவியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தந்தி என்றாலே கை நடுங்கிய காலம், டில்லி ஆகாசவாணித் தமிழ்ச் செய்திக்காகப் பக்கத்து வீட்டு ரேடியோ முன்னால் காத்திருந்த காலம், மணியார்டர் வராத மாதத்தை ஓட்டிய விதம், எல்லாம் அவரிடம்தான் இருக்கும். அதுவும் போர்க்கதைதான். அவரைத் தனியாக, வேறொரு நாளில் உட்கார வைத்துக் கேளுங்கள், பக்கத்தில் கணவர் இருந்தால் பெரும்பாலும் "அவரையே கேளுப்பா" என்று ஒதுங்கிக்கொள்வார்.

உட்காருவதற்கு முன் வீட்டுப்பாடம்

வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், பழைய போட்டோ, இரண்டு மூன்று மெடல், நீல நிற இன்லாண்டு லெட்டர் கட்டு, இவையெல்லாம் இருக்க வாய்ப்பு அதிகம். குடும்பத்தாரின் அனுமதியோடு முதலில் டிஸ்சார்ஜ் புக்கைப் படியுங்கள். சேர்ந்த தேதி, டிரேடு, யூனிட், ரேங்க், வெளியே வந்த தேதி எல்லாம் அதில் கிடைக்கும். தமிழ்நாட்டுக்காரர் என்றதும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. பாலம் கட்டி, கண்ணிவெடி அகற்றும் பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்திருக்கலாம், பீரங்கிப் படை, சிக்னல்ஸ், வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் இஎம்இ, சாப்பாடும் எரிபொருளும் கொண்டுபோகும் ஏஎஸ்சி என்று எதிலும் இருந்திருக்கலாம். சாப்பர்ஸ்காரரைப் போய், மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டன் நினைவுகளைச் சொல்லச் சொன்னால், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே பேச்சைச் சுருக்கிவிடுவார்.

மெடலும் ஒரு ஆவணம்தான். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971-ல் கிழக்கு முனையில், அதாவது இன்றைய வங்கதேசப் பக்கம் இருந்தவர். பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. சங்கிராம் மெடலும் 1971-ஐச் சேர்ந்தது. சமர் சேவா ஸ்டார், ரக்‌ஷா மெடல் இரண்டும் 1965. ஆப் விஜய் ஸ்டார் கார்கில். மெடலின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எண்ணும் ரேங்கும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். பெயரை வடக்கத்தி கிளார்க் எழுதிய விதத்தில் பொறித்திருந்தால் தமிழ்ப் பெயர் கொஞ்சம் உருமாறி இருக்கும், அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆவணங்களில் தேடும்போது அந்த எழுத்துக்கூட்டில்தான் அகப்படும்.

அப்புறம் ஒரு வரைபடம். அவர் இருந்த பகுதியைப் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போங்கள். வயதானவருக்குத் தேதி மறந்திருக்கும், ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்பது மறந்திருக்காது. விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டால் பேச்சு தானாக வரும்.

முதல் நாள் போனை வெளியே எடுக்காதீர்கள்

முதல் தடவை போனால் காபி குடித்துவிட்டு, எதற்காக வந்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிட்டு வாருங்கள். "உங்க கதையை உங்க பேரப்பிள்ளைங்க கேக்கற மாதிரி பதிஞ்சு வெக்கணும் ஐயா, எது வேண்டாம்னு சொல்றீங்களோ அதை வெளிய விடமாட்டோம்" என்று சொன்னால் போதும். அவரை நாலு நாள் யோசிக்க விடுங்கள், அதற்குள் பழைய போட்டோவை அவரே தேடி எடுத்து வைத்திருப்பார்.

அனுமதியை வாய்வார்த்தையோடு விட வேண்டாம். தமிழில் அரைப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: யார் பேசுகிறார், யார் பதிகிறார், குடும்பத்துக்கு மட்டுமா, ஊருக்கா, இணையத்துக்கா, இப்போதேவா அல்லது அவர் காலத்துக்குப் பிறகா. எந்தப் பகுதியையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேருங்கள். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு பிரதி அவர் கையில் இருக்கட்டும்.

பதிவு

காலை நேரம் நல்லது. சாப்பிட்டு, மாத்திரை போட்டு, பேப்பர் படித்து முடித்த பிறகு. பீரங்கிப் பக்கம் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும், எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று விசாரித்து அந்தப் பக்கம் உட்காருங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள் அல்லது குறையுங்கள். காதுக்குப் பழகிப்போன சத்தம்தான் பதிவில் பேய் மாதிரி கேட்கும். குக்கர் விசில், டிவி சீரியல், தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கி, எல்லாவற்றையும் யோசித்து உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள். போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்தால் மேசை அதிர்வு ஏறாது. சட்டையில் குத்தும் சின்ன காலர் மைக் ஒன்று வாங்கினால் ஒலி எவ்வளவோ தெளியும், இந்த வேலைக்கு நான் செலவு செய்யச் சொல்லும் ஒரே பொருள் அதுதான். இன்னொருவர் போனிலும் சேர்த்துப் பதியுங்கள், ஒன்று காலை வாரினால் இன்னொன்று இருக்கும்.

தொடங்கும்போது தேதி, ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நாலையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடம் பேசிப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அவர் இன்னும் பேசுகிறேன் என்றாலும் நிறுத்திவிட்டு மறுபடி வாருங்கள், களைப்பு ஏற ஏறக் கதை சுருங்கிவிடும்.

வீடியோவும் எடுக்கலாம், கேமராவைப் பார்த்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டு மேடைப்பேச்சு பேசுபவராக இருந்தால் வேண்டாம்.

என்ன கேட்பது

"போர்ல என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டால் செய்தித்தாள் தலைப்பு மாதிரி மூன்று வரிதான் பதிலாக வரும். நாம போனோம், அடிச்சோம், ஜெயிச்சோம். பல மேடைகளில் பல தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அது. அதற்கு அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும்.

பதிவின் முதல் நாள் போரைத் தொடாதீர்கள். ஆள் எடுத்த இடம், மார்பு அளந்த விதம், வீட்டில் சொல்லிவிட்டுப் போனாரா சொல்லாமல் போனாரா, ரயிலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் முதல் மாதம் எப்படி ஓடியது, ரொட்டி எப்போது பழகியது, முதல் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார். சோறு, தூக்கம், குளிர், கால் கொப்புளம், கடிதம், கூட இருந்த தோழன் என்று போய், அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

1971 பசந்தர் போரை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் நடுவில், மேற்கே பாகிஸ்தானின் ஷகர்கர் முனையில் பசந்தர் ஆற்றைத் தாண்டிப் போகக் கண்ணிவெடி வயலில் வழி திறக்க வேண்டியிருந்தது. இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் டாங்கியோடு நின்று உயிர் விட்டு, பரம்வீர் சக்கரம் பெற்ற போர் அது. அந்த டாங்கிகள் போன பாதையைத் திறந்ததில் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9-வது எஞ்சினியர் ரெஜிமெண்டுக்குப் பெரிய பங்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடம் பிடித்த காலாட்படையில் 16 மெட்ராஸும் உண்டு. அப்படிக் கம்பியால் மண்ணைக் குத்திக் கண்ணிவெடி தேடிய ஒரு சாப்பர் தாத்தாவிடம் பேரன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க தாத்தா?"

"எங்க சாப்பிட... ஷக்கர்பாரா குடுத்திருந்தாங்க. பாக்கெட்ல கிடந்துச்சு. கல்லு மாதிரி."

"குளிருக்குக் கையில உறை போட்டிருந்தீங்களா?"

"உறை போட்டா கம்பி என்னத்துல முட்டுதுன்னு தெரியாதுப்பா. வெறுங்கைதான். சாய்ச்சுக் குத்தணும், நேராக் குத்தக் கூடாது. கல்லுன்னா ஒரு மாதிரி முட்டும், அதுன்னா வேற மாதிரி."

"வேற மாதிரின்னா?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. அவர் சொன்ன வார்த்தையையே திருப்பிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் நமக்கு நீளமாகத் தெரியும், அவருக்கு அது நினைவைத் தேடும் நேரம். இடையில் "பயமா இருந்துச்சா?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால் "ஆமா, பயம்தான்" என்று முடித்துவிடுவார்.

கேட்கக் கூடாதது ஒன்று உண்டு: எத்தனை பேரைச் சுட்டீர்கள். சின்னப் பிள்ளைகள் ஆர்வத்தில் கேட்டுவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன ஆனது என்று கேட்க மறக்கக் கூடாது. ஊருக்கு வந்த முதல் வாரம், வேலை தேடியது, செக்யூரிட்டியாக நின்ற வருடங்கள், கூட இருந்து இறந்தவரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாரா. பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான் நடந்திருக்கிறது.

பேச முடியாமல் போகும்போது

அழுகை வரும், கை நடுங்கும், சிலர் சட்டென்று எழுந்து வெளியே போய் நிற்பார்கள். பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். "போதும் தாத்தா, இன்னொரு நாள் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கிளம்பி ஓடாமல் கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிக்கொண்டு உட்காருங்கள். மழை, வயல், பேத்தி படிப்பு எது வேண்டுமானாலும். ராத்திரி தூக்கம் எப்படி இருந்தது என்று மறுநாள் வீட்டாரிடம் விசாரியுங்கள். கெட்ட கனவும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். பதிவு பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

அமைதிப்படைக்குப் போனவர்கள்

1987 முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர். இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சென்னை பறங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அங்கே உயிர் விட்டுப் பரம்வீர் சக்கரம் பெற்றார். அதே காலத்தில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் 1987 அக்டோபரில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னைக்குத் திரும்பிய படைக்கு ஊரில் மாலை மரியாதை கிடைக்கவில்லை. தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் வீட்டுக் கதவைத் தட்டிய கதை இது, பலர் இன்றுவரை வீட்டில்கூட வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் கதைகளைக் கேட்கும்போது தீர்ப்பு சொல்லப் போகாதீர்கள், வீரகாவியமாக்கவும் போகாதீர்கள். அந்த ஊர்ப் பெண்மணி தண்ணீர் கொடுத்ததைச் சொன்னாலும், தான் பார்த்த அநியாயத்தைச் சொன்னாலும், தன் தோழன் துண்டு துண்டாகப் போனதைச் சொன்னாலும், சொன்னது சொன்னபடி பதிவில் இருக்க வேண்டும். வெளியே விடும்போது மட்டும் மற்றவர்களின் பெயர்களை எடுத்துவிடுங்கள். அந்தப் பதிவை ஈழத்தில் வீட்டாரைப் பறிகொடுத்தவர்களும் கேட்பார்கள். முடிந்தால் அவர்கள் நினைவுகளையும் அதே அக்கறையோடு பதிய ஆள் தேடுங்கள்.

சரிபார்த்தல்

ஐம்பது வருட நினைவில் தேதி மாறும், இரண்டு சண்டை ஒன்றாகக் கலந்துவிடும், பக்கத்துக் கம்பெனியில் (படைப்பிரிவில்) நடந்தது தன் கம்பெனியில் நடந்ததாக நிற்கும். பேசும்போது திருத்தாதீர்கள். பதிவை அப்படியே விட்டுவிட்டு, எழுதும்போது அடைப்புக்குறியில் உங்கள் குறிப்பைப் போடுங்கள். கதை கொஞ்சம் பெருத்திருப்பதாகத் தெரிந்தால் அதற்காக ஊர் நடுவில் மானத்தை வாங்க வேண்டியதில்லை, உறுதி செய்ய முடியவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தேட இடங்கள் உண்டு. டில்லி தேசியப் போர் நினைவுச்சின்னம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, சுதந்திரத்துக்குப் பின் உயிர் நீத்த 25,000-க்கும் அதிகமானவர்கள் பெயர் கருங்கல்லில் இருக்கிறது, அதன் இணையதளத்திலும் தேடலாம். தாத்தா சொல்லும் தோழனின் பெயரை அங்கே கண்டுபிடித்துக் காட்டிப் பாருங்கள், அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இரண்டாம் உலகப்போரில் பர்மா, மலாயா, ஆப்பிரிக்கா பக்கம் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். நேதாஜியின் ஐஎன்ஏவில் இருந்த மலாயாத் தோட்டத் தமிழர் குடும்பங்கள் சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று மையத்தைப் பார்க்கலாம், 1979 முதல் பதிந்து வருகிறார்கள். பணிப் பதிவேடு வேண்டுமென்றால் அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு, படை எண்ணைக் குறிப்பிட்டு, அவரோ வாரிசோ எழுத வேண்டும். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

காகிதம், போட்டோ, மெடல்

டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாதீர்கள். கிழிந்த கடிதத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மெடலைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, பாலிஷும் வேண்டாம், விளிம்பில் இருக்கும் பெயர் தேய்ந்துவிடும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

காகிதத்தை 300 டிபிஐயில், போட்டோவை 600-ல் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. குரூப் போட்டோவில் இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டுப் பதிந்துகொண்டு, போட்டோவின் பின்னால் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று ராணுவத் தபால் நிலைய முத்திரை விழுந்த கடிதங்களில் உறையையும் தூக்கிப் போடாதீர்கள், முத்திரையில் இருக்கும் தேதி பல சந்தேகங்களைத் தீர்க்கும்.

எழுத்தில் கொண்டுவருவது, காப்பது

அவர் பேச்சு எப்படியோ எழுத்தும் அப்படியே. மோர்ச்சா, லங்கர், சிவிலியன், ஹுக்கும் என்று அவர் சொன்னால் அதையே எழுதிக் கடைசியில் பொருள் கொடுங்கள். வேலூர்ப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் மேடைத்தமிழாக மாற்றினால் அவர் அதில் இருக்க மாட்டார். போனில் தானாக எழுத்தாக்கும் வசதி உதவும், ஆனால் அக்னூர், பூஞ்ச், தவாங் போன்ற ஊர்ப் பெயர்களை அது கடித்துத் துப்பிவிடும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கோப்புப் பெயரில் தேதி, ஊர், பெயர், பகுதி எண் இருக்கட்டும். மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்கில் வேறொரு உறவினர் வீட்டில், ஒன்று கிளவுடில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தரம் சுருங்கும், டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். இணையத்தில் போடும்போது படை எண், பென்ஷன் ஆர்டர், ஆதார், வங்கி விவரம் ஒன்றும் தெரியக் கூடாது, பென்ஷன்காரர்களைக் குறிவைக்கும் மோசடிக் கும்பல் அதிகம். இப்போதும் படை இருக்கும் இடங்கள், வழிமுறைகள் பற்றிய பேச்சு வந்தால் அதையும் வெளியிடாதீர்கள். குடும்பம் சம்மதித்தால் ஒரு பிரதியை ரெஜிமெண்ட் அருங்காட்சியகத்துக்கும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கும் கேட்டுப் பாருங்கள்.

ஊரில் செய்ய வேண்டியது

பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவதுதான் இப்போது நடக்கிறது. அதற்குப் பதிலாக டிசம்பர் 7 கொடிநாளோ டிசம்பர் 16 வெற்றி நாளோ வரும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்குங்கள். மைதானம் வேண்டாம், வெயிலில் நிற்க வைக்காதீர்கள். நாற்காலி, வரைபடம், நல்ல மைக், அவர் பதிவிலிருந்து ஐந்து நிமிடம். ஊர்த் தலைவர் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே பிள்ளைகளிடம் அந்த எழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படித்துவரச் சொல்லி, கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் பேசி முடித்த பின் கேள்விக்கென்று அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வீட்டிலிருந்து வண்டியில் கூட்டிவந்து திரும்பக் கொண்டு விடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். மனைவிக்கும் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போடுங்கள்.